சென்னையில் வாடகை வீடு: அட்வான்ஸ் கைமாறும் முன்பும் பின்பும்

வெளியூரிலிருந்து வேலை கிடைத்துச் சென்னைக்கு வருகிறவர்களுக்கு முதல் சம்பளம் வருவதற்கு முன்பே ஒரு பெரிய தொகை கையைவிட்டுப் போய்விடுகிறது. வீட்டு அட்வான்ஸ்தான் அது. அந்தப் பணம் உங்களிடம் இருக்கும்வரை வீட்டுக்காரர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார். குழாய் மாற்றித் தருகிறேன் என்பார், தண்ணீருக்குக் குறைவே இல்லை என்பார். பணம் கைமாறிய பிறகு அதே கேள்விகளைக் கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியது. வாடகைக்கு வருகிறவருக்குப் பேரம் பேசும் பலம் இருப்பது அந்தச் சில நாட்கள் மட்டுமே.

சட்டம் என்று ஒன்று இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதில் குடியிருப்பவரை எளிதில் வெளியேற்ற முடியாது, வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடக்கும். அந்தப் பயத்தில் வீட்டைப் பூட்டியே வைத்திருந்தவர்களும் உண்டு. அதற்கு மாற்றாக வந்ததுதான் 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. சென்னை மட்டுமல்லாமல் மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகள் எல்லாவற்றுக்கும் இதுதான். வாடகை எவ்வளவு என்பதில் இந்தச் சட்டம் தலையிடாது. இருவரும் பேசி எழுதிக்கொண்டதுதான் வாடகை. எதை எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்களோ, அதைத்தான் பின்னால் எந்த அதிகாரியும் படித்துப் பார்ப்பார்.

எங்கே தங்குவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வந்து இறங்கிய வாரத்திலேயே வீடு பிடிக்க வேண்டாம். ஒரு மாதம் விடுதியிலோ மேன்ஷனிலோ தங்கி ஊரைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பழைய புகலிடம். பெண்கள் என்றால், பணிபுரியும் மகளிருக்கான அரசின் ‘தோழி’ விடுதிகளை முதலில் விசாரியுங்கள். அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரியில் இருக்கின்றன. தனியார் மகளிர் விடுதி என்றால் உரிமம் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. காட்ட மறுக்கும் விடுதிக்குப் போகாதீர்கள்.

பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது அலுவலகத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவதைவிட ரயில் இருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயில் பாதையை ஒட்டிய பல்லாவரம், குரோம்பேட்டை போன்ற இடங்களில் குடியிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகிறவருக்குப் பயணம் ஒரு சுமையே இல்லை.

வீடு பார்க்கப் போகும்போது

டு-லெட் போர்டைப் பார்த்துத் தெருத்தெருவாக நடந்தும் தேடலாம், ஆப்பிலும் தேடலாம், புரோக்கர் மூலமும் போகலாம். புரோக்கருக்கு வழக்கமாக ஒரு மாத வாடகை கமிஷன். வீடு முடிந்து ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே கொடுங்கள். ஆப்பில் வீட்டுக்காரர் என்று போட்டிருப்பவரே புரோக்கராக இருப்பது சாதாரணம். அதைவிட மோசமானது, வெளியூரில் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லிப் படங்களை அனுப்பி, ‘டோக்கன் அட்வான்ஸ் போடுங்கள், சாவி கூரியரில் வரும்’ என்கிற மோசடி. வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் போய்ப் பாருங்கள். காற்று, வெளிச்சம் எல்லாம் பார்த்தவுடனே தெரிந்துவிடும். தண்ணீரும் வெள்ளமும் அப்படியல்ல, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தண்ணீரைப் பற்றி மூன்று கேள்விகள். மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர்) இணைப்பு இருக்கிறதா? போர் தண்ணீர் உப்பா, எத்தனை அடியில்? கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவு யாருடையது? பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய பல இடங்கள் 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அங்கே பல அடுக்குமாடிகள் இன்றும் லாரியை நம்பியே இருக்கின்றன. சில இடங்களில் கழிவுநீரை எடுத்துப் போகவும் லாரிதான் வர வேண்டும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டபோது, அந்தப் பகுதி நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. வாடகை குறைவு என்று சந்தோஷப்பட்ட வீட்டில் மாதப் பராமரிப்புத் தொகையோடு லாரிச் செலவும் சேர்ந்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

வெள்ளம் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடமோ எதிர்வீட்டு அம்மாவிடமோ கேளுங்கள். ‘2015 டிசம்பரில் இங்கே தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? 2023 மிக்ஜாம் புயலப்ப எத்தனை நாள் கரண்ட் இல்ல?’ இந்த இரண்டு கேள்விகள் போதும். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் தரைத்தள வீடு பார்த்தால் இதைக் கேட்காமல் திரும்பாதீர்கள். சுவரின் அடியில் மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மின்மீட்டரையும் போய்ப் பாருங்கள். உங்கள் போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே கிடைக்கும், கட்டணமும் நீங்கள் செலவழித்ததற்கு மட்டும். ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து இரண்டு மூன்று குடித்தனங்கள் இருந்தால் மொத்த யூனிட் கூடி, கட்டணம் மேல் அடுக்குக்குப் போய்விடும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் ஒரு விலை சொல்வார். அந்த விலை என்ன, எப்படிக் கணக்கிடப்படும் என்பது ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய விஷயம். மேலோட்டமாகத் தலையாட்டிவிட்டு வந்தால் கோடையில் ஏ.சி. போடும்போது வருத்தப்படுவீர்கள்.

வீடு யாருடையது?

இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. உங்களிடம் ஆதாரும் அலுவலக அடையாள அட்டையும் கேட்கிறார்கள் அல்லவா? காவல் நிலையத்தில் கொடுக்கிற வாடகைதாரர் விவரப் படிவத்துக்காக அவற்றைக் கேட்பது முறைதான், கொடுத்துவிடுங்கள். அதேபோல வீட்டு வரி ரசீதையும் மின்கட்டண ரசீதையும் நீங்கள் கேட்கலாம். அவற்றில் இருக்கும் பெயரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவரின் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்து, தம்பியோ மாமனாரோ பேசினால், கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் கொடுத்த பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அட்வான்ஸ் போக வேண்டியது உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு.

‘லீஸ்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. சில ஊர்களில் ஒத்தி என்பார்கள். பல லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருந்து, காலம் முடிந்ததும் முழுத்தொகையையும் திரும்ப வாங்கிக்கொள்வது. புதிதாக வருகிறவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வீட்டின் பேரில் வங்கிக் கடன் இருந்து, தவணை கட்டாமல் வங்கி வீட்டை எடுத்துக்கொண்டால், உங்கள் பணம் நடுத்தெருவில் நிற்கும். உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்த வீட்டை இடைத்தரகர் இன்னொருவருக்கு லீஸுக்கு விட்டு, வசூலித்த பணத்தோடு மறைந்துபோவதும் நடக்கிறது. எப்படியும் லீஸ்தான் என்று முடிவெடுத்தால், வீட்டின் மேல் அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்து, ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பிறகே பணம் கொடுங்கள்.

‘உங்களுக்கு வீடு இல்லை’

இதைச் சொல்லாமல் ஒரு வழிகாட்டி எழுதுவது நேர்மையாகாது. பேச்சிலருக்குக் கொடுப்பதில்லை, அசைவம் சமைப்பவர்களுக்கு இல்லை, தனியாக இருக்கும் பெண்ணுக்கு இல்லை என்று நேராகவே சொல்வார்கள். ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். பெயரைக் கேட்டதும், நேற்று காலியாக இருந்த வீடு இன்று முடிந்துபோயிருக்கும். இஸ்லாமியர்களும் தலித் குடும்பங்களும் இந்த அவமானத்தை வீட்டுக்கு வீடு சந்திக்கிறார்கள். இத்தனை விஷயங்களை ஒழுங்குபடுத்தும் புதிய வாடகைச் சட்டம், வீடு தர மறுப்பதைப் பற்றி ஒரு வரிகூடப் பேசவில்லை. என் பார்வையில் அந்தச் சட்டத்தின் மிகப் பெரிய குறை இதுதான். வீடு கிடைத்தவருக்கு மட்டுமே அது உரிமைகளைச் சொல்கிறது, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அதில் இடமில்லை.

நடைமுறையில் செய்யக்கூடியது குறைவுதான். போனில் பேசும்போதே நீங்கள் யார், எத்தனை பேர், என்ன சமைப்பீர்கள் என்று சொல்லிவிட்டால் வீண் அலைச்சல் மிச்சமாகும். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில், உரிமையாளர் அதே கட்டடத்தில் இல்லாத வீடுகளில், இந்தக் கேள்விகள் ஓரளவு குறையும். ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் அலுவலக நண்பர் மூலம் போவது இன்னும் உதவும். உண்மையை மறைத்துக் குடியேறச் சொல்ல மாட்டேன். சொந்தச் சமையலறையில் ஒளிந்து சமைக்கும் வாழ்க்கை யாருக்கும் வேண்டாம்.

அட்வான்ஸ் பேசுவது

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். 15,000 ரூபாய் வீட்டுக்கு ஒன்றரை லட்சம். சட்டம் சொல்வது மூன்று மாத வாடகை, அதாவது 45,000. ஆனால் அதே பிரிவில், வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய என்ற வார்த்தைகளும் இருக்கின்றன. நீங்கள் ஆறு மாதத்துக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் ஆறு மாதம்தான். ‘சட்டம் மூணு மாசம்னு சொல்லுது சார்’ என்று பேச்சைத் தொடங்குங்கள். பலர் நான்கு, ஐந்துக்கு இறங்கி வருவார்கள்.

தொகையைப் போலவே முக்கியமானது அதில் எதையெல்லாம் பிடிப்பார்கள் என்பது. காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைக் கழிப்பது இங்கே எழுதாத வழக்கம். ஆனால் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு என்று இருக்கிறது. அந்த அட்டவணையின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒப்பந்தம் தட்டச்சாகும்போதே ‘பெயிண்டிங் பிடித்தம் இல்லை’ என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு உச்சத்தொகையாவது எழுதச் செய்யுங்கள்.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகவே அனுப்பி, ‘வாடகை அட்வான்ஸ்’ என்று குறிப்பும் போடுங்கள். ‘பாதி வெள்ளை, பாதி ரொக்கம்’ என்றால் அந்த ரொக்கப் பாதிக்கு நாளை உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது.

ஒப்பந்தமும் பதிவும்

11 மாத ஒப்பந்தம் என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது? ஒரு ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால், அதைத் தவிர்க்க ஒரு மாதத்தைக் குறைத்தார்கள். புதிய வாடகைச் சட்டத்தின் முன் அந்த உத்தி செல்லாது. 11 மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அவர். இதற்கென்று அரசு தனி இணையதளம் வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தையும் இருவரின் அடையாளச் சான்றுகளையும் ஏற்றினால் ஒரு பதிவெண் கிடைக்கும். கையெழுத்தான கையோடு செய்துவிடுங்கள், 90 நாட்களைத் தாண்ட விடாதீர்கள். வீட்டுக்காரர் சேர்ந்து வராவிட்டால் வாடகைதாரர் தனியாகவும் விவரங்களைத் தாக்கல் செய்யலாம்.

‘வரிக்காரங்க வருவாங்க, பதிவெல்லாம் வேண்டாம்’ என்று பல வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். இது இரு தரப்புக்கும் பாதுகாப்பு என்று எடுத்துச் சொல்லுங்கள். பதிவில்லாத ஒப்பந்தம் தகராறு வரும்போது சான்றாக நிற்காது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் உங்கள் நிலை இன்னும் மோசம். எழுத்து ஒப்பந்தம் செய்யாததையே காரணமாகக் காட்டி உங்களைக் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட முடியும், பலர் போட்டும் இருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் வாடகை, அட்வான்ஸ், காலம் ஆகியவை எப்படியும் இருக்கும். விட்டுப்போகிறவை இவைதான்: அடுத்த ஆண்டு வாடகை எத்தனை சதவீதம் ஏறும், பராமரிப்புத் தொகை வாடகைக்குள்ளா, வெளியிலா, காலி செய்ய யார் எத்தனை மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும், லாக்-இன் என்று குறைந்தபட்சக் காலம் எதுவும் உண்டா, வண்டி எங்கே நிறுத்துவது, உறவினர்கள் வந்து தங்கினால் ஆட்சேபணை உண்டா. அறையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர்கள் எல்லாருடைய பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டதாக அது நாளை திரும்பிவிடக் கூடாது. கையெழுத்தான மூலப்படி ஒன்று உங்களுக்கு வர வேண்டும், ஜெராக்ஸ் போதாது.

குடிபுகும் நாளும் அதற்குப் பிறகும்

சாமான் இறக்குவதற்கு முன் காலி வீட்டை முழுவதுமாக வீடியோ எடுங்கள். விரிசல், ஈரக்கசிவு, உடைந்த டைல்ஸ், மின்மீட்டர் எண், ஃபேன், ஸ்விட்ச் எல்லாமே அதில் வரட்டும். அன்றே வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்பிவையுங்கள்.

பழுது யார் பார்ப்பது என்பதில்தான் பெரும்பாலான சண்டைகள். அதே இரண்டாம் அட்டவணையின்படி கட்டட அமைப்பு சார்ந்த பழுது, குழாய்ப் பாதை மாற்றம், மின் வயரிங் ஆகியவை உரிமையாளருடையவை. குழாயின் வாஷர், ஸ்விட்ச், கீசர், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, சாக்கடை அடைப்பு போன்றவை உங்களுடையவை. உரிமையாளர் தம் பங்கைச் செய்யாவிட்டால், எழுத்தில் தெரிவித்துவிட்டு நீங்களே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் வழி தருகிறது. வாயால் சொன்னதோடு நிறுத்திவிட்டுக் கழித்தால் அது வாடகை பாக்கியாகிவிடும், கவனம்.

வீட்டுக்காரர் வீட்டுக்குள் வந்து பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்திலோ மின்னணு வழியிலோ தெரிவிக்க வேண்டும். மாற்றுச் சாவியால் திறந்து வருவது அவருடைய உரிமை அல்ல. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி நெருக்குவதையும் சட்டம் தடுக்கிறது. அப்படி நடந்தால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். விசாரணை முடியும்வரை இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு.

உங்கள் பக்கக் கடமை வாடகை. மாதாமாதம் வங்கி வழியாகச் செலுத்தி ரசீது வாங்குங்கள். வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் ‘அவரே வாங்கல’ என்று சும்மா இருக்கக் கூடாது, வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி இருக்கிறது. இரண்டு மாத வாடகையும் மற்ற கட்டணங்களும் பாக்கி நின்று, நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால் அது வெளியேற்றும் காரணங்களில் ஒன்று. சொந்த உபயோகத்துக்கு வீடு தேவை என்பதும் இன்னொரு காரணம். எந்தக் காரணமானாலும் உங்களை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். ஆளை அனுப்பிச் சாமானை வெளியே வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

பழைய வருமான வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்பவர்கள், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணையும் தர வேண்டியிருக்கும். அதைத் தருவாரா என்று வீடு பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

காலி செய்யும்போது

ஒப்பந்தத்தில் இருக்கிறபடி முன்னறிவிப்பை எழுத்தில் கொடுங்கள். அந்த மாதங்களின் வாடகையை ‘அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க’ என்று நிறுத்துவது பலரும் செய்வது. அட்வான்ஸ் திரும்ப வராது என்ற பயத்தில் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் செய்தால் அது பாக்கிதான். காலம் முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருந்தால், மாத வாடகையைப் போல இரு மடங்கை இழப்பீடாகக் கேட்க உரிமையாளருக்கு வழி உண்டு.

கடைசி நாளன்று குடிபுகுந்தபோது எடுத்த வீடியோவைப் போலவே இன்னொன்று எடுத்து, மின்மீட்டர் எண்ணைக் குறித்து, மின்கட்டணத்தையும் பராமரிப்புத் தொகையையும் தீர்த்துவிட்டு, சாவியை ஒப்படைத்ததற்கு ஒரு வரியாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்கள் பக்கம் உள்ள பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். ‘அடுத்த ஆள் வந்தாதான் தருவேன்’ என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஒரு மாதம் கடந்தும் வராவிட்டால், பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் ஒப்பந்தம், பதிவெண், வங்கிப் பரிமாற்ற விவரம், இரண்டு வீடியோக்கள், சாவி ஒப்படைத்த சீட்டு, கடிதத்தின் நகல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு வாடகை அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய், எந்தப் படிவத்தில் யாரிடம் மனுச் செய்ய வேண்டும் என்று கேட்டு அன்றே மனுவைக் கொடுத்து, கொடுத்ததற்குச் சான்றும் வாங்கி வாருங்கள்.